குறைந்த செலவில் குடும்பச் சமையல்

குறைந்த செலவில் குடும்பச் சமையல் என்பது, கையில் உள்ள சிறு தொகைக்குள் அன்றன்று கிடைக்கும் காய், கீரை, பருப்பு ஆகியவற்றைக் கொண்டு வீட்டில் உள்ள அனைவருக்கும் வயிறு நிறையவும் சத்துக் குறையாமலும் சமைக்கும் முறையாகும். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே பல வீடுகளில் சிக்கல் சோற்றைவிடச் சோற்றோடு சேர்வதில்தான் இருக்கிறது. பணம் குறையும்போது முதலில் குறைவது காயும் பருப்பும். சோற்றின் அளவு கூடும், குழம்பு நீர்த்துப்போகும். வயிறு நிறைந்துவிடுவதால் இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை. கடைசியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணின் தட்டில் மட்டும் அது தெரியும்.

காய் வாங்குதல்

செலவின் பெரும்பகுதி காய்க்கடையிலேயே முடிவாகிவிடுகிறது. இன்று முருங்கைக்காய் சாம்பார் என்று வீட்டிலேயே தீர்மானித்துப் போகிறவர், கடைக்காரர் சொல்லும் விலையைக் கொடுத்தாக வேண்டும். முருங்கைக்காய் கோடையில் மலிந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் விலை பல மடங்கு ஏறிவிடும். அதே மார்கழி, தை மாதங்களில் அவரையும் மொச்சையும் மலிவு. காயைப் பார்த்த பிறகு குழம்பைத் தீர்மானிக்கிறவருக்கு ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு காய் கைக்கு எட்டும் விலையில் இருக்கும்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. இங்கு விவசாயிகளே நேரடியாக விற்கிறார்கள். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். நல்ல கீரை வேண்டுமானால் விடிகாலையில் போக வேண்டும். அதற்கு முடியாதவர்களுக்கு மாலை நேரத் தெருவோரக் கடைகள் உண்டு. மீந்த காய்களை அங்கே கூறு கட்டி விற்பார்கள். அன்றோ மறுநாளோ சமைப்பதாக இருந்தால் கூறு லாபம். மலிவாக இருக்கிறதே என்று வாங்கி, பாதியை அழுகவிட்டு எறிந்தால் அதைவிட விலை கூடிய காய் வேறில்லை. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கிடைப்பது பழகிய கடைகளில்தான்.

குழம்பும் பருப்பும்

கால் கிலோ கத்தரிக்காயைப் பொரியல் செய்தால் நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு கரண்டிகூட வராது. அதே காயை 100 கிராம் துவரம்பருப்போடு சாம்பாராக்கினால் நால்வரும் ஒரு வேளை நிறைவாகச் சாப்பிடலாம். இதில் சிக்கனத்துக்கு மேலும் ஒரு பயன் உண்டு. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. ஆகவே செலவைக் குறைக்கும்போது கடைசிவரை கை வைக்கக் கூடாத பொருள் பருப்பு. அதைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் சாம்பார் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் வழங்கப்படுகின்றன. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு. நாளுக்கு 100 கிராம் வீதம் அது பத்து நாளைக்கு வரும். மீதி இருபது நாளுக்குப் பாசிப்பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு என்று மாற்றிக்கொள்ளலாம். கொங்குப் பகுதியில் கொள்ளைச் சமைக்கும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரவே ஊறவைத்த கொள்ளை வேகவைத்து, நீரைத் தனியே வடித்து எடுக்கிறார்கள். அந்த நீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்தால் ரசம். வெந்த பயறோடு சின்ன வெங்காயமும் மிளகாயும் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் சோற்றில் பிசைந்து சாப்பிடக் கொள்ளுப் பருப்பு. ஒரே அடுப்புச் செலவில் இரண்டு பதார்த்தம் ஆகிவிடுகிறது. ஊறவைப்பதால் வேகும் நேரமும் குறைகிறது. புளியைப் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு முன்பே சேர்ந்தால் பருப்பு மெதுவாகத்தான் வேகும், எரிவாயு வீணாகும்.

தக்காளி இல்லாத நாட்கள்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தக்காளி இல்லாமல் என்ன சமைப்பது என்பதே பல வீடுகளில் பேச்சாக இருந்தது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். அது வருவதற்கு முன்பே இங்குக் குழம்பும் ரசமும் புளியால் புளித்துக்கொண்டிருந்தன. வற்றல் குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம், கோடையில் மாங்காய் போட்ட பருப்பு ஆகியவற்றுக்குத் தக்காளி தேவையில்லை. தக்காளி தரும் கெட்டித்தன்மை வேண்டுமென்றால், அரிசி களைந்த இரண்டாம் நீரில் புளியைக் கரைத்துக் குழம்பு வைக்கலாம்.

எறியப்படுபவை

பீர்க்கங்காய்த் தோலை வதக்கிக் காய்ந்த மிளகாய், உளுந்து, புளியோடு அரைத்தால் துவையல். முள்ளங்கியின் இலை பொரியலுக்கு ஆகும். தண்டுக்கீரையின் இலையைக் கடைந்துவிட்டுத் தண்டைச் சாம்பாரில் போடுவது பழைய வழக்கம்; இன்று கீரைக்கட்டில் பாதி எடை குப்பைக்குப் போகிறது. முருங்கைக்கீரை பல ஊர்களில் இன்னும் கேட்டால் கிடைக்கும் பொருள்தான். அதோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

மீன்

அசைவம் சாப்பிடும் குடும்பங்களுக்கு வஞ்சிரத்தின் விலை எட்டாது. மத்தியும் நெத்திலியும் புரதத்தில் அதற்குச் சளைத்தவை அல்ல. ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் மிகுதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அப்போது மீன்விலை ஏறும் என்பதால், அந்த மாதங்களில் கருவாடும் முட்டையும் கைகொடுக்கும். நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி இருந்தாலே கத்தரிக்காயோடு ஒரு குழம்பு ஆகிவிடும். மீன்குழம்பை மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கென்றே ஒரு கரண்டி எடுத்து வைக்கும் வீடுகளும் உண்டு.