ஏமாற்றிப் பெற்ற பதக்கத்தைப் பறிக்க எத்தனை ஆண்டு அவகாசம்?

மாணவர்களே, அலோர் காஜாவிலோ ஜாசினிலோ உங்கள் பள்ளித் திடலில் 200 மீட்டர் ஓடி மூன்றாவதாக வருகிறீர்கள். முதலில் வந்தவர் ஏமாற்றினார் என்பது ஏழு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தால் எப்படி இருக்கும்? இலங்கை வீராங்கனை சுசந்திகா ஜயசிங்கவுக்கு இதுதான் நடந்தது.

28 செப்டம்பர் 2000. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டர் இறுதி ஓட்டம். அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் 21.84 வினாடியில் வென்றார். பஹாமாஸின் பாலின் டேவிஸ்-தாம்சன் 22.27 வினாடி; சுசந்திகா 22.28 வினாடி. அவருக்கு வெண்கலம்.

சோதனையில் ஏன் சிக்கவில்லை?

ஜோன்ஸ் பயன்படுத்தியது டிஎச்ஜி என்னும் ஊக்கமருந்து. தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு வகை. ஊக்கமருந்துச் சோதனை கைரேகைப் பதிவேடு போன்றது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி, சிறுநீரில் உள்ள மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கும். அதை ஏற்கெனவே தெரிந்த மருந்துகளின் பதிவோடு ஒப்பிடுவார்கள். டிஎச்ஜி புதிதாக உருவாக்கப்பட்டதால் பதிவேட்டில் இல்லை. போதாக்குறைக்கு, சோதனைக்கு மாதிரியைத் தயார் செய்யும்போதே அது சிதைந்துவிடும்!

2003இல் ஒரு பயிற்றுநர் அனுப்பிய ஊசிக்குழாயில் மிஞ்சியிருந்த மருந்தை ஆராய்ந்து, லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகத்தின் டான் கேட்லின் குழு அதை அடையாளம் கண்டது. அக்டோபர் 2007இல் ஜோன்ஸ் நீதிமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார்.

ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்

அன்றைய விதிப்படி, தவறு நடந்த நாளிலிருந்து 8 ஆண்டுகளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். சிட்னிக்கான கெடு முடிய ஏறக்குறைய ஓராண்டே மீதம். டிசம்பர் 2007இல் ஜோன்ஸின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. டிசம்பர் 2009இல் சுசந்திகா வெள்ளிக்கு உயர்ந்தார். நான்காவதாக வந்த ஜமைக்காவின் பெவர்லி மெக்டொனால்டுக்கு வெண்கலம் கிடைத்தது. ஜோன்ஸ் இன்னும் ஓராண்டு வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

கெடு எதற்கு?

"உண்மை எப்போது தெரிந்தாலும் தண்டிக்கலாமே, ஆசிரியரே!" என்பீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள் என்று நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இருமலுக்கு என்ன மருந்து குடித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல முடியுமா? மருந்துச் சீட்டு தொலைந்திருக்கும், சாட்சிகள் மறந்திருப்பார்கள். தவறு செய்யாதவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வழி வேண்டும்.

ஆனால் அறிவியல் வளரவும் நேரம் வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் சிறுநீர் மாதிரிகளை உறையவைத்துப் பாதுகாத்தார்கள். கெடு முடியும் தறுவாயில், 2012இல், புதிய முறைகளில் மீண்டும் சோதித்தார்கள். குண்டு எறிதலில் தங்கம் வென்ற உக்ரைனின் யூரி பிலோனோக் சிக்கினார்!

2015 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் கெடுவை 10 ஆண்டுகளாக நீட்டியது. இன்று ஆய்வகத்தை ஏமாற்றுபவர், பத்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஆய்வகத்தையும் ஏமாற்ற வேண்டும்.

சிந்திக்க: 10 ஆண்டுகள் போதுமா, குறைவா, அதிகமா? வகுப்பில் இரு குழுவாகப் பிரிந்து விவாதியுங்கள். ஒரு குழு சுசந்திகாவுக்காகப் பேசட்டும்; மற்றொன்று தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக.