யானைக்கு மட்டும் அழ அனுமதி

ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் அரசு கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டை இருக்கிறது. உள்ளே சுவர்களில் அவர் கதை ஓவியங்களாக ஓடுகிறது. ராஜாவின் கோபத்துக்குச் சுவர் கிடைத்துவிட்டது. வெளியே பருத்தியும் உளுந்தும் விதைத்து, மழை பொய்த்த வருஷம் கடனோடு வீடு திரும்பும் சம்சாரியின் கோபம் எந்தச் சுவரில் ஏறியது?

கரிசல் ஊர்களில் துக்கத்துக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. இழவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் வாசல் பந்தலில், தோள் துண்டால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருப்பார்கள். ‘ஆம்பளப் பிள்ள அழுவலாமா?’ என்ற அதட்டல் அஞ்சு வயசிலேயே ஆரம்பமாகிவிடும். பெண்ணுக்கும் அந்தச் சலுகை இழவு வீட்டோடு சரி.

இப்படிப்பட்ட மண்ணுக்கு, ஒரு நாடகக் கம்பெனியோடு வந்து சேர்ந்தார் சி.கொண்டையா ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். அப்புறம் நாடகத்துக்குச் சீன் திரை எழுதியவர். அழுகையும் ஆவேசமும் தினசரி ராத்திரிப் பிழைப்பாக இருந்த இடம் அது. 1940களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. மற்றவர்கள் மூட்டை கட்ட, ராஜு அங்கேயே தங்கிவிட்டார். சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. போட்டோவும் எடுத்தார்கள், சாமிப் படமும் எழுதினார்கள். பக்கத்துச் சிவகாசியின் அச்சு இயந்திரங்கள் அவற்றைக் காலண்டராக்கி, மளிகைக் கடை முதல் பூஜையறை வரை கொண்டு சேர்த்தன.

அவருடைய புகழ்பெற்ற ‘கஜேந்திர மோட்சம்’ படத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதலை காலைக் கவ்வியிருக்க, தும்பிக்கையை உயர்த்திக் கூப்பிடுகிறது யானை. கருடன் மேல் வரும் விஷ்ணுவின் முகத்திலோ பதற்றம் துளியும் இல்லை. வலி முழுவதும் யானையின் பங்கு.

‘இனிப்புப் பூசிய பொம்மை முகங்கள்’ என்று காலண்டர் படங்களை ஒதுக்குவது நவீன ஓவிய ரசிகர்களுக்குச் சுலபம். இந்தக் கட்டுரைக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சாந்தமான முகத்துக்கு முன்னால்தான் வீட்டு மனுஷி ஆளில்லாத நேரத்தில் மூக்கைச் சிந்தினாள். வாய் திறக்காத மனுஷனும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றான். உணர்ச்சியைப் படத்துக்குள் வரையாமல், பார்ப்பவர் கொட்டிக்கொள்ள இடம் விட்டார் ராஜு. நாடகத் திரை எழுதிய கைக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? திரை அழுவதில்லை; அதன் முன்னால் நிற்பவர்தான் அழ வேண்டும்.

சாமியின் மறைப்பே இல்லாமல் மனசைத் திறந்து போட்டவருக்கு என்ன ஆனது என்பதற்குச் சென்னையில் ஒரு கதை உண்டு. ஓவியர் கே.ராமானுஜம். பேசத் திணறுவார், மனநோய் வேறு. மூத்த ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் அவரை ஓவியராக மட்டுமே பார்த்தார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமம் எழுந்தபோது ராமானுஜத்துக்கும் அங்கே இடமிருந்தது. அவர் படங்களில் மாளிகைகள், பாம்புகள், விசித்திரப் பிராணிகள், நடுவில் தொப்பி போட்ட அவரே. வாயால் சொல்ல முடியாததெல்லாம் பேனாக் கோடுகளாக நெரிசலாய் வந்து விழுந்தது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ‘நோயின் படங்கள்’ என்று அவற்றைச் சுருக்குவது அநியாயம். தற்செயலாக வந்த கோடு ஒன்றுகூட அவற்றில் இல்லை.

கரிசலுக்குச் சாமியில்லாத ஒரு படவரிசை கிடைத்தது இன்னும் கொஞ்சம் பிந்தி. இடைசெவல் கி.ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது, படம் போட்டவர் கே.எம்.ஆதிமூலம். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் காந்தியை வரைந்து தள்ளியவர். அவர் பிறந்தது திருச்சிப் பக்கம், கரிசல்காரரே அல்ல. ஆனாலும் சம்சாரிகளின் முகத்தைக் கிறுக்கலும் கீறலுமான கோடுகளால் அவர் போட்டபோது, அதில் கண்ணீர் வரைய வேண்டிய தேவையே வரவில்லை. அந்தக் கோடுகளைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

(தொடரும்)