மில்போர்ட் மலைத்தெருவில் ஒரு பகல்



நியூசிலாந்தின் தென்தீவிலே, தே அனாவ் என்னும் ஏரிக்கரை ஊரிலிருந்து மில்போர்ட் கடற்கழிக்கு ஒரு மலைத்தெரு செல்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீற்றர். நில்லாது ஓட்டினால் இரண்டு மணி நேரம் போதும். ஆயினும் அறிந்தவர்கள் அதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குவர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளே அமைந்த கேம்பர் வானிலே பலர் அவ்வழி செல்கின்றனர். விரும்பிய இடத்தில் நிறுத்தலாம் என்பதே அவ்வண்டியின் இன்பம் என்பர். இத்தெருவிலோ, நிறுத்தலாகாத இடத்தை அறிந்திருப்பதே முதற் கடமை.

பெற்றோலை ஊரிலேயே நிரப்பிக்கொண்டு காலையிற் புறப்படவேண்டும். அங்கும் நம் நாட்டைப் போல இடப்பக்கமாகவே வண்டி ஓட்டுவர். ஆகவே நம்மவர்க்கு அதிற் சிரமமில்லை. ஆறு அரித்த பள்ளத்தாக்கு 'வி' வடிவினது, பனிக்கட்டியாறு அரித்தது 'யூ' வடிவினது என்று நாம் கரும்பலகையில் வரைந்து காட்டுகின்றோமல்லவா? எக்ளிந்தன் பள்ளத்தாக்கில் அப்படத்தின் அடித்தளத்திலேயே வண்டி ஓடுகின்றது. தரை புல்வெளி, இருமருங்கும் காடு, அதற்கு மேல் செங்குத்தான மலை. காற்றில்லாத காலையில் கண்ணாடி ஏரிகள் எனப்படும் குட்டைகளில் அம்மலைகள் தலைகீழாய்த் தோன்றும்.

ஏறத்தாழ 530 மீற்றர் உயரமுள்ள கணவாயைக் கடந்தபின் பள்ளத்தாக்கு ஒடுங்குகின்றது. முடிவிலே வழியை மறித்து நிற்கும் பாறைச் சுவரின் அடியில் ஹோமர் சுரங்கத்தின் வாயில் தெரியும். 1935ஆம் ஆண்டில், வேலையற்றோர்க்கு நிவாரணமாக அளிக்கப்பட்ட தொழிலாக, ஐந்து பேர் பிக்காசும் தள்ளுவண்டியும் கொண்டு இதனைத் தொடங்கினர். குளிர்காலத்தில் வெயில் எட்டாத அப்பள்ளத்தில் தொழிலாளர் கூடாரமடித்து வாழ்ந்தனர். 1936இலும் 1937இலும் விழுந்த பனிச்சரிவுகள் மூவரைக் கொன்றன. 1940இற் பாறை துளைக்கப்பட்டது. போர் குறுக்கிட்டமையால், 1954இலேயே பொதுமக்களின் வண்டிகள் சென்றன. இத்தனை உழைப்பும் 1.2 கிலோமீற்றர் நீளத்துக்கு!

பனிக்கட்டியாறு செதுக்கிய செங்குத்தே அவ்விடத்துக்கு அழகு தருவது. பனியைத் தாங்கமாட்டாமற் கீழே தள்ளுவதும் அதுவே. 1983இல் தெருத் தொழிலாளர் ஒருவர் பனிச்சரிவில் மாண்டபின், முறையான கண்காணிப்பு ஏற்பட்டது. இப்பொழுது அபாயம் மிகும்போது தெருவை மூடிவிட்டு, ஹெலிகொப்டரிலிருந்து வெடிமருந்து வீசிப் பனியை வேண்டுமென்றே சரியச் செய்கின்றனர். கோடையில் சுரங்க வாயிலில் வண்டிகளை மாறிமாறி அனுப்பும் சமிக்ஞை விளக்குகள், பனிச்சரிவுக் காலத்தில் இயங்குவதில்லை. விளக்குக்காகக் காத்துநிற்கும் வரிசையே பனிக்கு இரையாகலாம் அன்றோ! 'நிறுத்தாதீர்' என்ற பலகையை அங்கே காண்பவர், தேநீர் வைக்க அடுப்பை மூட்டலாகாது.

கோடையில் அவ்வாயிலருகே காத்திருப்போரைக் கீயா என்னும் பச்சைநிற மலைக்கிளிகள் சூழ்ந்துகொள்ளும். வண்டியின் இறப்பர் விளிம்புகளைக் கொத்திப் பிய்ப்பதில் அவற்றுக்குத் தனி விருப்பம். இரங்கி உணவு கொடுத்தல் கூடாது. அது பறவைக்கே கேடு.

சுரங்கம் கடல்நோக்கிப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகின்றது. தாழ்ந்த கியரிலே செல்லவேண்டும். கீழே, ஆண்டுக்கு 6,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் மில்போர்ட். மழையென்று மனஞ்சலிக்க வேண்டியதில்லை. பெய்யத் தொடங்கிய சிறிது நேரத்தில் பாறைகளெங்கும் புதிய அருவிகள் வெள்ளிக் கம்பிகளாய் இறங்கும். இராத்தங்க அங்கே முன்கூட்டி இடம் பெறாதவர், பொழுது சாயுமுன் சுரங்கவழி மீண்டு, எக்ளிந்தன் பள்ளத்தாக்கில் அரசினர் அமைத்துள்ள தங்குவெளியில் வண்டியை நிறுத்தலாம்.