நாக்கில் கரையும் வைட்டமின்

மாத்திரையை விழுங்க முடியாமல் குழந்தைகளும் முதியவர்களும் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குக் கைகொடுக்க வந்திருக்கிறது, தபால்தலை அளவில் தாள்போல மெல்லிய வைட்டமின் படலம். நாக்கில் வைத்தால் எச்சிலிலேயே கரைந்துவிடும், தண்ணீர்கூட வேண்டாம்.

கேப்சூல் மாத்திரைகளின் கூட்டுக்கான ஜெலட்டின் பெரும்பாலும் மாடு, பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்கள் தயங்குவது அதனால்தான். இந்தப் படலங்கள் பலவற்றில் அதற்குப் பதில் இருப்பது புல்லுலான். மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தைப் பாகாக்கி, அதில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்தால் இந்தப் பசைப்பொருளை அது சுரந்து தருகிறது. அதோடு வைட்டமினைக் கலந்து, மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, வெட்டினால் படலம் தயார். 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்த லிஸ்டரின் வாய்மணப் படலங்களும் புல்லுலானால் ஆனவையே.

ஆனால் இவ்வளவு மெல்லிய தாளில் சில பத்து மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவது கடினம். ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராமே தேவைப்படும் பி12 தாராளமாக அடங்கும். 1,000 மில்லிகிராம் கால்சியத்துக்கு இடமே இல்லை. கரைந்த சத்தில் பெரும்பகுதி எச்சிலோடு வயிற்றுக்குத்தான் போகிறது. ஆகவே, 'நேரே ரத்தத்தில் கலக்கும்' என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இன்னொன்று, உறையைப் பிரிக்கும்போது கை உலர்ந்திருக்கட்டும். ஈரம் பட்டால் விரலிலேயே ஒட்டிக் கரையத் தொடங்கிவிடும்.