'அப்'பை விட்டால் ஆப்பு!

"வீட்டு மீட்டரில் தில்லுமுல்லு செய்தேன்" என்று வேலைக்கான இன்டர்வியூவில் யாராவது சொல்வார்களா? எங்கள் அயனம்பாக்கத்துப் பையன் ஒருவன் சொல்லியிருக்கிறான். அதுவும் பெருமையாக, இங்கிலீஷில்!

பக்கத்து வீட்டுப் பிள்ளை. எலெக்ட்ரிகல் டிப்ளமோ. வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் எத்தனை யூனிட் விழுங்குகிறது என்று பார்க்க, காயலான் கடையில் பழைய மீட்டர் ஒன்றை வாங்கி, பலகையில் திருகி, ஃபிரிட்ஜ் லைனில் மாட்டினான். நல்ல மூளைதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்டர்வியூ. 'சொந்தமா என்ன செஞ்சிருக்கே?' என்று கேட்டார்களாம். "ஐ ரிக்ட் தி மீட்டர் அட் ஹோம்" என்றிருக்கிறான். எதிரே இருந்தவர் ஃபைலை மூடிவிட்டார்.

"ஏண்ணா, 'ரிக்'னா கிடைச்சதை வெச்சு மாட்டறதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று வாசலில் வந்து நின்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பி.காம். படித்த வாத்தியார் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறார்!

'ரிக்' கப்பல்காரர்களின் சொல். பாய்மரத்தில் பாயும் கயிறும் பூட்டுவது. கூடவே 'அப்' சேர்ந்தால், கையில் கிடைத்ததை வைத்து அவசரத்துக்கு ஒன்றை அமைப்பது. 'அப்'பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் மீட்டரையோ தேர்தலையோ உட்கார வைத்தால் மோசடி! இன்னொரு கண்டிஷன். 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும். 'ரிக்ட் இட் அப்' சரி. 'ரிக்ட் அப் இட்' தப்பு.

பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டிக்கொண்டு சென்னையில் ஓடுகிற மீன்பாடி வண்டி 'ரிக் அப்' சமாசாரம்தான். விண்வெளியிலும் இது நடந்திருக்கிறது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13-ல் ஆக்சிஜன் டாங்க் வெடித்தது. மூன்று பேரும் நிலவில் இறங்கும் கலத்துக்குள் ஒதுங்கினார்கள். விடுகிற மூச்சே விஷமாக ஆரம்பித்தது. காற்றைச் சுத்தம் செய்யும் டப்பா சதுரம், பொருத்த வேண்டிய இடமோ வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுகிற டேப் இவற்றை வைத்து ஒப்பேற்றினார்கள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்களும் உண்டு. திடீர் விருந்தாளிக்கு உப்புமா கிளறினால் 'ரஸ்ஸில் அப்'. ரிசல்ட் வந்த ராத்திரி, ஆளுக்கொரு கட்சியைப் பிடித்து ஆட்சி அமைத்தால் 'காபிள் டுகெதர்'. செருப்புக்கு ஒட்டுப்போடும் வேலையிலிருந்து வந்த சொல் அது. கொஞ்சம் மட்டமாகச் சொல்வது. நாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஒப்பேத்தறது' என்று வைத்திருக்கிறோம்!

அடுத்த மாதம் வேறொரு கம்பெனி. வாசல் வரை 'அப், அப்' என்று முணுமுணுத்துக்கொண்டே போனவன், சாயங்காலம் இனிப்போடு வந்தான்.

"வேலை கிடைச்சுடுச்சுண்ணா! முதல் சம்பளத்துல புது ஃபிரிட்ஜ்தான்."

"ஏண்டா?"

"பில்லுல பாதியை அதுதாண்ணா திங்குது. மீட்டர் காட்டிக் கொடுத்துடுச்சு!"