தூங்குதா, செத்துடுச்சா... இதயத்தைக் கேளுங்க!

ஹார்ட் அட்டாக் வந்து பிழைச்ச ஒருத்தரோட இதயத்துல ஒரு பகுதி அசையாம கிடக்கு. டாக்டருக்கு ஒரே கேள்விதான்... அந்தத் தசை செத்துப்போச்சா, இல்ல ரத்தம் பத்தாம சும்மா தூங்குதா? தூங்குதுன்னா, பைபாஸ் பண்ணி எழுப்ப வாய்ப்பு இருக்கு. செத்திருந்தா, நெஞ்சைத் திறந்தும் அந்த இடத்துக்குப் பிரயோஜனம் இல்லை.

வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேன், உடம்புத் தண்ணியில இருக்கிற ஹைட்ரஜனைத்தான் படம் பிடிக்கும். கடோலினியம் ஊசி போட்டா தழும்பும் தெரியும். ஆனா, செல் என்ன சாப்பிடுது, அதை எப்படி எரிக்குதுன்னு தெரியாது. பெட் ஸ்கேன் ஓரளவு சொல்லும். அதுக்குக் கதிரியக்க மருந்து ஏத்தணும்.

இங்கதான் என்ட்ரி கொடுக்குது கார்பன்-13. கதிரியக்கமே இல்லாத சமர்த்து! ஆனா, சிக்னல் படு வீக். ஸ்கேனரோட காந்தத்துக்குள்ள பத்து லட்சம் அணுக்கரு இருந்தா, கிட்டத்தட்ட மூணுதான் 'எக்ஸ்ட்ரா'வா ஒரே பக்கம் திரும்பி நிக்கும். இந்த அட்டெண்டன்ஸுக்கு எந்த ஹெச்.ஓ.டி. ஹால் டிக்கெட் கொடுப்பார்?

2003-ல் ஸ்வீடனின் மால்மோ நகர ஆராய்ச்சியாளர்கள் வழி கண்டுபிடிச்சாங்க. சாம்பிளை மைனஸ் 272 டிகிரி வரை உறைய வெச்சு, எலெக்ட்ரான்களோட ஒழுங்கை மைக்ரோவேவ் மூலமா கார்பனுக்குக் கடத்தி, சட்டுனு வெந்நீர்ல கரைச்சாங்க. சிக்னல் 10,000 மடங்குக்கு மேல எகிறிடுச்சு!

ஆனா, இந்த மவுசு ஒரு நிமிஷத்துலயே பாதிக்கு மேல காலி. அதனால கரைச்சது, அமிலத்தன்மை செக் பண்ணினது, ஊசி போட்டது, படம் எடுத்தது... எல்லாமே ஓட்டப்பந்தயம்தான்.

இதயத்துக்கு அனுப்புற ஆள் பைருவேட். குளுக்கோஸ் உடையும்போது வர்ற அதே பொருள். மைட்டோகாண்ட்ரியா உழைச்சா அது பைகார்பனேட்டா மாறும். அந்த சிக்னல் வந்தா அடுப்பு எரியுதுன்னு அர்த்தம். லாக்டேட் மட்டும் வந்தா, அடுப்புல ஏதோ கோளாறு.

2016-ல் டொராண்டோவின் சன்னிபுரூக்கில் முதன்முறையா மனித இதயத்துல இதைப் பார்த்தாங்க. ஆரோக்கியமான நாலு பேர்கிட்ட. 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டில், சர்க்கரை நோயாளிகளோட இதயத்துல பைகார்பனேட் குறைவா உருவாகுதுன்னு காட்டினாங்க. 2021-ல் அதே ஊர்ல, மாரடைப்பு வந்தவங்களோட செத்த தசையில அந்த சிக்னல் மங்கிக் கிடந்துச்சு. நம்ம முதல் கேள்விக்கான பதில் ஒளிஞ்சிருக்கிறது இங்கதான். ஆனா, பார்த்தது சிலரைத்தான். இன்னும் இது ஆராய்ச்சிக்கூட சமாசாரம்.

ஈ.சி.ஈ. மக்களுக்கு ஒரு தகவல். 3 டெஸ்லா ஸ்கேனர்ல ஹைட்ரஜன் பேசறது சுமார் 128 மெகாஹெர்ட்ஸில். கார்பன்-13 பேசறது 32-ல். ஸோ, ஆன்டெனா மாதிரி இருக்கிற காயிலையே தனியா டிசைன் பண்ணணும். ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடறவங்க கவனிக்கவும்!