குடியும் அயலும்: அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இணக்க வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

1

பிள்ளைகளை வளர்த்தெடுப்பதற்கு உகந்த ஊர் எது என்னும் வினா பெற்றோர் யாவருக்கும் உரியது. கற்றோரிடையே இவ்வினா பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பெறுகின்றது: எம்மையொத்த கருத்துடையோரும் பிறர் கருத்தைப் பொறுத்துக்கொள்ளும் பண்புடையோரும் வாழும் இடம் எங்கேயுள்ளது? இங்கு இரு வேறு தேவைகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருத்தல் நோக்கற்பாலது. கருத்தொருமை ஒன்று, சகிப்பு மற்றொன்று. எல்லோரும் ஒரே கருத்தினராயிருக்கும் இடத்தில் சகிப்புக்குத் தேவை எழுவதேயில்லை. வேறுபட்டோர் அருகருகே வாழும் இடத்திலேதான் அது பிறக்கவும் சோதிக்கப்படவும் கூடும்.

கருத்தொருமையை அடிப்படையாகக் கொண்டு புதிய ஊர்களை உருவாக்கும் முயற்சிகள் உலகிற் பல நடைபெற்றுள்ளன. 1825இல் றொபேர்ட் ஓவன் அமெரிக்காவின் இந்தியானாவில் தொடங்கிய நியூ ஹார்மனிக் குடியிருப்பு, உறுப்பினரிடையே எழுந்த பிணக்குகளால் ஓரிரு ஆண்டுகளுள் கலைந்தது. 1968இல் புதுச்சேரிக்கு அருகே தோற்றுவிக்கப்பட்ட ஒரோவில் இன்றும் இயங்குகின்றது. இவை தாமே தெரிந்து வந்து சேர்ந்தோரின் ஊர்கள். ஆனால் மிகப் பெரும்பாலான மக்களுக்கு ஊர் என்பது தெரிவுக்குரிய பொருளன்று. பிறப்பும் மணமும் தொழிலும் அதனைத் தீர்மானிக்கின்றன. அத்தகைய மக்கள் தம் பிள்ளைகளுக்கான இணக்கச் சூழலை எவ்வாறு அமைத்துக்கொண்டனர், அது எவ்வாறு குலைந்தது என்பவற்றை அம்பாறைக் கரையோரத்தை, சிறப்பாகக் கல்முனையை, சான்றாகக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

2

வடக்கே பெரியநீலாவணையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் ஒரு மாலையிற் கோத்த இருநிற மணிகள் போன்று ஊர்கள் மாறி மாறி அமைந்திருப்பதைக் காண்பர். பெரியநீலாவணை தமிழூர், மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழூர். கல்முனை நகரத்தைக் கடந்ததும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள். அடுத்து, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு தமிழூர்; அதற்கப்பால் நிந்தவூர் முஸ்லிம் ஊர். ஊரெல்லையைக் காட்டுவது சிலவிடங்களில் ஓர் ஒழுங்கை மாத்திரமே. இரு சாராரின் தாய்மொழியும் தமிழே.

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 1961இற் பிரிக்கப்பட்டு உருவாகிய அம்பாறை மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் முஸ்லிம்கள். 39 பேர் சிங்களவர். 17 பேர் தமிழர். முஸ்லிம்களும் தமிழரும் பெரும்பாலும் கரையோரத்திலேயே செறிந்து வாழ்கின்றனர். கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலேயே வீடுகள் எழவேண்டியுள்ளது. இந்நில நெருக்கடியை மனத்திற் கொள்ளாது இப்பிரதேசத்தின் பிணக்குகளை விளங்கிக்கொள்ளல் இயலாது.

3

இவ்வூர்களில் ஒரு குழந்தை எங்கு வளர்வது என்பதைத் தீர்மானிப்பது தாய்வழி அமைப்பாகும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடத்தும் அவர்தம் அயலவரான தமிழரிடத்தும் 'குடி' எனப்படும் தாய்வழிக் கூட்டங்கள் உள்ளன. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்தல் வழக்கமன்று. பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் இடம்பெற்று வந்தமையும், கோயில்களில் வண்ணக்கர்மார் அதற்கிணையான பொறுப்பை வகித்தமையும் இவ்வமைப்பின் சமூகப் பலத்தைப் புலப்படுத்துவன.

திருமணத்தின்போது வீடு பெண்ணுக்கே எழுதப்படுகின்றது. மாப்பிள்ளையே பெண்வீட்டுக்குக் குடிவருகின்றான். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டை வழங்கிவிட்டு, இளைய பெண்பிள்ளைகளோடு பெற்றோர் அயலில் வேறு வீடு கட்டிச் செல்வதும் உண்டு. இவ்வாறாக ஓர் ஒழுங்கையில் உம்மாவும் அவளது சகோதரிகளும் அவர்தம் பெண்மக்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரு வீட்டுப் பிள்ளை மறுவீட்டில் உண்டும் உறங்கியும் வளர்கின்றது. கணவன் தொழில் தேடிக் கடல் கடந்தாலும், மணவுறவு முறிந்தாலும், பெண்ணும் பிள்ளைகளும் தெருவுக்கு வரும் நிலை குறைவு. அக்கரைப்பற்றில் 1969 தொடக்கம் கள ஆய்வு மேற்கொண்ட மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இவ்வமைப்பினை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஆயினும் இதனை இலட்சியப்படுத்தல் பொருந்தாது. பெண்ணுக்கு வீடு கட்டும் சுமை பெற்றோரையும் சகோதரரையும் நெடுங்காலம் அழுத்துகின்றது. எமது நோக்கிற்கு முக்கியமானது பிறிதொன்று: இவ்வொழுங்கை பிள்ளைக்குத் தம்மவரை நிறையத் தருகின்றது, அயலவரைத் தருவதில்லை. அடுத்த ஊர்ப் பிள்ளையைச் சந்திக்க வேறு களங்கள் வேண்டும்.

4

அக்களங்கள் ஒரு காலத்தில் இருந்தன. வயலும் சந்தையும் முதலாவது களம். ஒரு சமூகத்தார் நிலத்தில் மற்றச் சமூகத்தார் உழைத்தனர். மருதமுனைத் தறிகளில் நெய்த துணியை இரு சாராரும் உடுத்தனர். வழிபாடு இரண்டாவது. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் நடைபெறும் கொடியேற்ற விழாவுக்கு முஸ்லிம் அல்லாதாரும் சென்று வருவதுண்டு.

மூன்றாவது களம் கல்வி. முஸ்லிம் காங்கிரஸின் நிறுவனரான எம். எச். எம். அஷ்ரப், மெதடிஸ்த திருச்சபை தோற்றுவித்த கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையிற் பயின்றவர் என்பது இன்றைய தலைமுறைக்கு வியப்பளிக்கக்கூடும்.

நான்காவது களம் இலக்கியம். பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன், பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கம், கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், மருதமுனையைச் சேர்ந்த மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி ஆகியோர் ஒரே இலக்கியச் சூழலில் வளர்ந்தவர்கள். நீலாவணனைச் சூழ எழுத்தாளர் குழுவொன்று உருவாகியது. 1969, 1970ஆம் ஆண்டுகளிற் 'கவிஞன்' என்னும் இதழ் இப்பகுதியிலிருந்து வெளிவந்தது. ஒத்த கருத்துடையோரின் சமூகம் என்று கூறத்தக்கது ஒன்று கல்முனையில் இருந்ததாயின், அது இதுவே. இவர்கள் தம் ஊரை விட்டு வேறோர் ஊரைத் தேடிச் சென்று இச்சமூகத்தை அமைத்தாரல்லர். நான்கு ஊர்களில் இருந்தவாறே அமைத்தனர் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

5

1980களின் நடுப்பகுதி முதல் இக்களங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1985 ஏப்ரலிற் காரைதீவிலே தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் ஈடுபட்டிருந்தோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் திகதி சம்மாந்துறைக்கு அருகேயுள்ள வீரமுனையில், கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். வயலுக்குச் செல்லும் பாதையே அச்சத்திற்குரியதாயிற்று.

அச்சம் நிறுவனங்களையும் இரண்டாக்கியது. கல்முனையில் இன்று சிறு தொலைவுக்குள் இரு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன; மக்கள் ஒன்றைத் தமிழருடையதாகவும் மற்றதை முஸ்லிம்களுடையதாகவும் கருதுகின்றனர். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கை 2019 யூனில் உண்ணாவிரதமாக வெடித்தது. சாய்ந்தமருதுக்கெனத் தனி நகரசபை 2020 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டுச் சில நாட்களுள் இடைநிறுத்தப்பட்டது. இப்பிந்திய பிணக்கு ஒரே மதத்தினரிடையே எழுந்தது என்பதையும் மறத்தலாகாது. அரசாங்க பாடசாலைகள் தமிழ், முஸ்லிம் எனப் பிரிந்திருத்தலாலும், முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு காலத்தில் விடுமுறை பெறுதலாலும், பிள்ளைகளின் பள்ளி நாட்களும் வேறுபட்டன. அயலூர்ப் பிள்ளையின் பெயரையே அறியாது ஒரு பிள்ளை வளர்தல் இயல்பாயிற்று.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை ஊர் பார்த்து வரவில்லை. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. இறந்தோர் தொகை 10,000ஐத் தாண்டியது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு யாவும் ஒருங்கே அழிந்தன. முதல் நாட்களில் உதவி இன எல்லையைக் கடந்தது. ஆனால் மீள்குடியேற்றம் தொடங்கியதும் பழைய கோடுகள் திரும்பின. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்ற விதி, இடமில்லாத ஊர்களில் ஒழுங்கை உறவுகளைச் சிதறடித்தது. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், எந்தச் சமூகத்தாருக்கு எவ்வளவு என்னும் வழக்கினாற் பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. வீடு கட்டலாம், அயலைக் கட்டுதல் அவ்வளவு எளிதன்று.

6

தம்மவர் மட்டும் வாழும் ஊரே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்னும் கருத்து இத்தகைய அனுபவங்களின் பின் வலுப்பெறுதல் இயல்பே. அதனை இகழ்தல் நேர்மையாகாது. எனினும் அதன் வரம்பினை 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நிகழ்ந்தது காட்டிற்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலோடு தொடர்புடையோர் அங்கு வாடகை வீடொன்றிற் குடியேறியிருந்தனர். ஊரவரே அவர்களை ஐயுற்றுப் பொலிசாருக்கு அறிவித்தனர். தொடர்ந்த மோதலிலும் குண்டுவெடிப்பிலும் சிறுவர் பலரும் மாண்டனர். ஒரே மதம் என்பது ஒரே மனம் ஆகாது. அன்று ஊரைக் காத்தது மத ஒருமையன்று; அயலைக் கவனித்து வாழும் பழக்கமும், பிழையைத் தம்மவரிடத்தும் பிழையென்று கூறும் துணிவுமே.

ஆகவே, சகிப்புள்ள சமூகம் எங்குள்ளது என்று வினவுவோருக்கு நாம் ஊர்ப் பெயரொன்றை விடையாகக் கூற இயலாது. அத்தகைய சமூகம் கண்டுபிடிக்கப்படுவதன்று. பொதுக் களங்களால் நாள்தோறும் ஆக்கப்படுவது. ஒழுங்கையின் அணைப்பு பிள்ளைக்கு வேண்டும். அதனை இழக்குமாறு எவரையும் கேட்டல் தகாது. அதனோடு, அடுத்த ஊர்ப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து கற்கும் வகுப்பறை, இரு மொழிநடைகளும் ஒலிக்கும் நாடக மேடை, இரு சாராரும் எழுதும் சஞ்சிகை, ஒரே வரிசையிற் காத்திருக்கும் வைத்தியசாலை என்பனவும் வேண்டும். போர்க்கால நெருக்கடியின் விளைவாக 1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று மூவின மாணவரும் பயில்கின்றனர். ஆயினும் பதினெட்டு வயதிலே தொடங்கும் அறிமுகம் காலந்தாழ்த்தியது. ஆறு வயதிலே அது தொடங்குவதற்கான ஏற்பாட்டினைக் கல்முனையின் ஊர்கள் தாமே முன்வந்து செய்தல் வேண்டும். நான்கு ஊர்களில் இருந்தவாறே ஓர் இலக்கிய சமூகத்தை அமைத்த மண்ணுக்கு அது புதியதன்று.